கட்டாரில் இருப்பவருக்கு எந்தக் காபரேட்டர்?

காபரேட்டர் வேலை செய்கிறவனிடம் சிரித்துக்கொண்டு வருகிற ஓர் ஆளை நான் இன்னும் காணவில்லை. காலையில் சோக்கை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தவர், கல்யாணத்துக்குப் போகிற வழியில் நடுரோட்டில் நின்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சு வாங்கியவர், கார் பெற்றோல் குடிக்கிற குடியைப் பார்த்து மனைவி கதைக்காமல் விட்டவர், இப்படியானவர்கள்தான் என்னைத் தேடி வருவார்கள். பழைய கார் வைத்திருக்கிற என் சக துன்பக்காரர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது இறங்குகிற கார்களுக்கு இந்தச் சாமானே கிடையாது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற அந்த அலுமினியப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிற பாவிகள் இனி நீங்களும் நானும்தான்.

என் கராஜ் குருக்கள்மடத்தில், மட்டக்களப்பு–கல்முனை ரோட்டோரம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. இரண்டு பக்கத்து உப்பும் சேர்ந்து நட்டு போல்ட்டைப் பிடித்து இறுக்கிவிடும். இங்கே என்னை எல்லோரும் பாஸ் என்பார்கள். பெரிய முதலாளியாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் ஸ்பானர் பிடிக்கிறவனும் பாஸ்தான், மேசன் கரண்டி பிடிக்கிறவனும் பாஸ்தான். எத்தனையோ கார்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் ஒரேயொரு கார் என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பெரிசா ஒண்டு

காத்தான்குடி நஸார் தம்பி கட்டாரில் கிரேன் ஓட்டுகிறவர். லீவில் வந்து நின்றபோது ஒரு பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், பெட்டி மாதிரி உருவம். வெளியே பார்த்தால் பள்ளிக்கூட அதிபர் ஓட்டுகிற வண்டி. பொனட்டைத் திறந்தால்தான் சங்கதி தெரியும். கொழும்பில் கொடுத்து, ஹெட்டை இழைத்து, வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து பிடிக்கிற கேம் போட்டு, எஞ்சினை ஒரு முரட்டுக் காளையாக்கி வைத்திருந்தார். காபரேட்டர் மட்டும் பழையது. "பெரிசா ஒண்டு பூட்டணும் பாஸ், எது நல்லம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: எங்கே ஓடப்போகிறீர்கள்? பெரிய காபரேட்டருக்குத் தொண்டை அகலம். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அள்ளிக் குடிக்கும், சந்தோசம்தான். மெதுவாகப் போகும்போது அந்த அகலத் தொண்டைக்குள் காற்று சோம்பேறி நடை நடக்கும், பெற்றோலை இழுத்துக்கொண்டு வராது. இளநியை ஸ்ட்ரோவால் உறிஞ்சலாம். வீட்டுத் தண்ணிக் குழாயை வைத்து உறிஞ்சிப் பாருங்கள், தெரியும். காத்தான்குடி மெயின் ரோட்டு நெரிசலில் யார் வேகமாகப் போகிறார்? இதெல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன்.

தம்பி மறுத்துப் பேசவில்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தால் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்திருப்பதாகவும், அதற்குள் கார் சரியாகி நிற்க வேண்டும் என்றும் சொன்னார். கார் சரிவந்தால் தானும் வந்து சேர்ந்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், வெளிநாட்டில் கிடக்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். காரின் கூரையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஊடு பொஞ்சாதிட சீதனம். புள்ளையளுக்கு என்னப் போன்லதான் தெரியும். இந்த ஊருல எனக்கெண்டு இரிக்கிறது இந்தக் கார்தான் பாஸ், அது கொஞ்சம் சத்தமாத்தான் இரிக்கட்டுமே."

போர்வைக்குள் வந்த சோடி

அவர் போய்க் கொஞ்ச மாதத்தில் அவருடைய மனைவி சபீனா ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் ஒரு பெரிய பொட்டலம். கட்டாரிலிருந்து கப்பலில் பெட்டி வந்திருக்கிறதாம். கல்ஃப் பெட்டி வருகிற வீட்டில் அன்றைக்குப் பெருநாள் என்று உங்களுக்குத் தெரியும். பால்மா, சவர்க்காரம், பவுடர், பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்தப் பெட்டியில் அடியில் ஒரு பூப்போட்ட கம்பளிப் போர்வை இருந்ததாம். தனக்குத்தான் என்று ஆசையாய் விரித்திருக்கிறார். உள்ளே இரண்டு காபரேட்டர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கின்றன.

ஐயோ, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தாலிக்காரன் வார்த்த சோடி. சாதாரணக் காபரேட்டர் எஞ்சினின் தலைப்பக்கம் நிமிர்ந்து குந்தியிருக்கும், இவை விலாப்பக்கம் படுத்தபடி காற்றை நேரே இழுக்கிற சாதி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொண்டை, ஆக நாலு சிலிண்டருக்கும் தனித்தனித் தொண்டை. பாவித்ததுதான், ஆனாலும் எனக்கு வாயூறியது. எவனோ ஒரு அரபிப் பெடியன் தன் காரிலிருந்து கழற்றி விற்றதாக நஸார் தம்பி பிறகு போனில் சொன்னார். நான் சோடியைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, சபீனா அந்தப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். பெற்றோல் நாற்றம் இருக்கிறது, எண்ணெய்க் கறை வேறு, இங்கேயே விட்டுப்போங்கள், தரை துடைக்க ஆகும் என்று சொன்னேன். எனக்கு வாய் ஒரு நாளும் சரியில்லை. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போர்வைய நான் எடுத்துக்கிறன் பாஸ். பெற்றோல் மணந்தாலும் அவர்ட கையால சுத்தின போர்வதானே."

மீன்காரர் செய்த உதவி

பூட்டுவது பெரிய காரியமில்லை. இரண்டையும் ஒரே மூச்சாக இழுக்க வைப்பதுதான் சீவன் போகிற வேலை. ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியைத் தொண்டைக்குத் தொண்டை மாற்றிப் பிடித்து, இரைச்சல் ஒரே அளவாக வரும்வரை ஸ்குரூவைத் திருக வேண்டும். பக்கத்துக் கோயிலில் ஒலிபெருக்கி போட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பெற்றோல் வடிகிற துளையான ஜெட்டை மாற்றி, ஃபுளோட் மாற்றி, ஒருவழியாகக் காரை வெளியே எடுத்தேன்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ரோடு வெறித்துக் கிடந்த ஒரு நேரம். மிதித்தேன். அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. நெஞ்சுக்கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கும் வயது போய்விட்டது, சர்க்கரை வேறு, ஆனாலும் சிரித்தேன், தனியே, சத்தமாக. இந்தச் சத்தம் எனக்குச் சொந்தமில்லையே, இதற்காக ஏங்குகிறவன் எங்கேயோ வெயிலில் கிரேன் கூட்டுக்குள் இருக்கிறானே என்றும் உடனேயே தோன்றியது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த வளைவில் மாடுகள். வயல் வட்டையிலிருந்து வந்த பட்டி ரோட்டை நிறைத்து ஆடி அசைந்து போனது. நானும் மெதுவாக்கினேன். கார் ஒரு இருமல் இருமியது, இன்னொன்று இருமியது, பெற்றோலைத் துப்பிவிட்டு நின்றுபோயிற்று. திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் பிளக்கெல்லாம் நனைந்து கிடந்தது. மாடுகள் போய்விட்டன. ஒரு பஸ் போயிற்று. ரேஸ் எஞ்சின், இத்தாலிச் சோடி, காபரேட்டரில் கைதேர்ந்த பாஸ், மூன்று பேரும் ரோட்டோரம் நின்றோம். பெட்டியில் மீன் கட்டிக்கொண்டு வந்த சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று, காரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு கேட்டார்: "பாஸ், தள்ளி உடவா? இல்லாட்டிச் சைக்கிள் பார்ல ஏறுங்க, குருக்கள்மடத்துல எறக்கி உடுறன்."

பாண்காரன்

நஸார் தம்பிக்குச் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அவருக்கு வேலையில்லை, அன்றைக்குப் பின்னேரம் எனக்குப் போன் எடுப்பார். எஞ்சினை ஓடவிட்டுப் போனைச் சைலன்சர் பக்கம் பிடிப்பேன். இந்தப் புதிய போன்களுக்கு ஒரு அதிகப்பிரசங்கித்தனம் உண்டு. தொடர்ந்து இரைகிற சத்தத்தைக் குப்பை என்று நினைத்து வடிகட்டிவிடும். ஆகவே நான் எஞ்சினை முறுக்க முறுக்க, அங்கே அவர் "ஸ்டார்ட் பண்ணுங்க பாஸ், ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்பார். நான் கத்துவேன். நான் கத்துவது மட்டும் துல்லியமாகக் கேட்குமாம்.

இப்படி ஒரு நாள் இருவரும் கத்திக்கொண்டிருந்த நேரம், பேக்கரிச் சாமான் விற்கிற பாண் ஆட்டோ வந்தது. அதே பழைய மெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு, மாலுபாணும் ரோஸ்பாணும் அடுக்கிக்கொண்டு. மறுமுனையில் சத்தம் நின்றுவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நானும் சவூதியில் கிடந்தவன்தான், எனக்குத் தெரியும். ஊரிலிருந்து யாராவது எடுத்தால் அவர்கள் கதைப்பதில் பாதி காதில் ஏறாது. பின்னால் ஒரு கோழி கூவும், கிணற்றில் வாளி விழும், யாரோ யாரையோ ஏசுவார்கள். அதைத்தான் காது தேடித் தேடிப் பொறுக்கும். போனை வைத்த பிறகு அதை நினைத்துக்கொண்டு படுத்திருப்போம். ஆகவே நான் எஞ்சினை நிற்பாட்டினேன். தம்பி கேட்டார்: "அது பாண்காரன்தானே பாஸ்? எஞ்சின் கெடக்கட்டும், போன அவன்ட பக்கம் பிடிங்க."

கிளினிக்குக்குப் போகிற கால்

அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்ததும் தள்ளிப் போயிற்று. கொன்ட்றாக்ட் முடியட்டும் என்றார்களாம். கார் கராஜில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. ஒரு நாள் சபீனா வந்து லைசன்ஸைக் காட்டினார். ஓட்டப் பழகியிருக்கிறார். உம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்ற வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட வேண்டும், ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக்கு நிற்பது என்று கேட்டார். இந்தக் கார் முதல் இழுப்பில் ஸ்டார்ட் ஆக வேண்டும், சந்தியில் நிற்கக்கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

சக துன்பக்காரர்களே, இந்த இடத்தில் தொழில் விசயம் ஒன்று சொல்கிறேன், காசு வேண்டாம். காபரேட்டரை எஞ்சினைப் பார்த்து மட்டும் தெரிவுசெய்யக்கூடாது, ஓட்டுகிறவரின் காலைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். சபீனாவின் கால் மென்மையான கால். மிதிக்காது, கேட்கும். அந்தக் காலுக்கு இத்தாலிச் சோடி சரிவராது. இரட்டைத் தொண்டை உள்ள நடுத்தரக் காபரேட்டர் ஒன்று எடுத்தேன். மெல்ல மிதித்தால் சின்னத் தொண்டை மட்டும் திறக்கும், அழுத்தினால்தான் இரண்டாவது திறக்கும். அந்தக் கேமுக்கு ஏற்ற மாதிரி ஜெட்டை ஒரு படி ஏற்றினேன். கார் பசுமாடாயிற்று. வேண்டுமென்றால் ஓடவும் ஓடும்.

கழற்றிய சோடியை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திவிட்டு நஸார் தம்பிக்குச் சொன்னேன். ஏசப்போகிறார் என்று காதைத் தூர வைத்தேன். ஏசவில்லை. எப்படி ஓட்டுகிறா என்று கேட்டார், நல்லா ஓட்டுறா என்றேன். கண்ணாடி பார்க்கிறாவா என்று கேட்டார், பார்க்கிறா என்றேன். கடைசியாகக் கேட்டார்: "சீட்ட முன்னுக்கு இழுத்துட்டாவா பாஸ்? எவ்வளவு இழுத்தா எண்டு பாத்து வைங்க, நான் வந்து பழையபடி பின்னுக்குத் தள்ளணும்."

இடது கதவு

ஒருவழியாகத் தம்பி வந்தார். காரை எண்ணெய் மாற்ற என்னிடம் விட்டிருந்தார்கள். இரண்டு பேருமாக ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆள் மெலிந்து கறுத்துப் போயிருந்தார், தாடியில் நரை. என்னைக் கட்டிப்பிடித்தார். சென்ட் வாசத்தில் எனக்குத் தும்மல் வந்தது. பிறகு காரைச் சுற்றி நடந்தார், ஒவ்வொரு பக்கமாகத் தொட்டார். நான் சாவியைக் கொடுத்தேன். எத்தனை வெள்ளிக்கிழமை இந்த நேரத்தை நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நின்றேன்.

கதவைத் திறந்து, பிஸ்மி சொல்லி, உள்ளே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார். கைக்கு எதுவும் அகப்படவில்லை. கட்டாரில் ஸ்டியரிங் இடது பக்கம், ஓடுவது ரோட்டின் வலது பக்கம். இத்தனை வருடம் அந்தப் பழக்கத்தில், தம்பி இடது கதவால் ஏறியிருந்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அவருடைய முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கனவிலும் இந்தச் சீட்டில்தான் இருந்து ஓட்டியிருப்பார் போல. சபீனா சுற்றி வந்து, வலது கதவைத் திறந்து, முன்னுக்கு இழுத்திருந்த தன் சீட்டில் ஏறி, சாவிக்குக் கையை நீட்டினார். தம்பி சாவியைக் கொடுத்தார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, சாய்ந்துகொண்டார். "நீ ஓட்டு. நான் இப்பிடியே இரிந்து ஊரப் பாக்கன்."

கட்டுநாயக்காவுக்கு முதல் நாள்

இனிப் போக மாட்டேன் என்று வந்தவர் போகத்தான் வேண்டியிருந்தது. ஏன் என்று நீங்களும் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்கவில்லை. மூத்த பிள்ளை பெண், காத்தான்குடியில் பெண் பிள்ளைக்குச் சீதன வீடு கட்டாமல் முடியுமா? கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் இரண்டு பேரும் காரோடு வந்தார்கள். தூரப் பயணம், ஒருக்காப் பார்த்துவிடுங்கள் என்றார் தம்பி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்லக் கேட்டார். அந்தச் சோடியை இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பூட்டித் தர முடியுமா? போகிற வழியில் வெலிக்கந்தைக் காட்டுக்குள் ரோடு நேராக ஓடும், ஆளும் இல்லை, மாடும் இல்லை. ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைத் தன் காலால் மிதித்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டுமாம்.

எனக்கு மனம் இளகிவிட்டது. கொண்டுபோக வேண்டிய இடமும் சரி, ஓட்டுகிற காலும் சரி. அந்த ரோட்டுக்கு அந்தச் சோடிதான். சோடியை எடுத்துவரக்கூட எழும்பிவிட்டேன். பிறகுதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. "தம்பி, போகும்போது சரி. திரும்பி வரும்போது ஆர் ஓட்டுற?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. அவர் சோடி வேண்டாம் என்பதுபோலப் பொனட்டை மூடினார். காரைப் பற்றி நினைத்த அத்தனை நாளிலும் அந்தக் கார் தன்னை விட்டுவிட்டுத் திரும்பி வரும் என்பதை அவர் நினைத்திருக்கவேயில்லை.

சபீனா டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். போகாதீங்க என்று ஒரு தடவைகூட அவர் சொல்லியிராத ஆள். பெட்டி கட்டிக் கொடுத்தவர், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தவர், தன் கூடப்பிறந்த காக்காவை வழித்துணைக்குக் கூப்பிட்டு வைத்தவர் எல்லாம் அவர்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கணவனைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார். பகிடி போலத்தான் சொல்லத் தொடங்கினார், கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. "பாஸ், பெரிசும் வேணா, சின்னதும் வேணா. ஸ்டார்ட் ஆகாத ஒண்டு இரிந்தாப் பூட்டி உடுங்க."

இத்தனை வருடத் தொழிலில், செய்த வேலை இப்படிச் சரியாக அமைந்து தொலைத்ததே என்று நான் நொந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்: கார் ஓர் இருமல்கூட இல்லாமல் கட்டுநாயக்கா வரைக்கும் போய்ச் சேர்ந்தது.